பரிசல்ல வந்த கொலம்பஸ்களே, பரிசில் எங்கே?

கொஞ்ச நாளா ஒரு வார்த்தையைக் கேட்டாலே காதுல புகை வருது மக்களே. "மச்சி, செம்ம சிங்கர் ஒருத்தரைக் கண்டுபிடிச்சிருக்கேன்டா!"

கண்டுபிடிச்சியா? ஏன்டா, அவரு என்ன திருவிழாக் கூட்டத்துல காணாமப் போயிருந்தாரா? பத்து வருஷமா ஊர் ஊரா மைக் புடிச்சுப் பாடிட்டு இருக்கறவரை, நேத்து ராத்திரி பெட்ஷீட்டுக்குள்ள படுத்துக்கிட்டு, யூடியூப் தானா அடுத்த பாட்டுன்னு தள்ளிவிட்டதுல கேட்டுட்டு, "கண்டுபிடிச்சேன்"ங்கறான். கண்டுபிடிச்சது அல்காரிதம் ராசா. நீ தூங்காம முழிச்சிருந்தே, அவ்வளவுதான்.

சினிமாவுக்கு வெளிய, தானே பாட்டு கட்டி தானே பாடுற நாட்டுப்புறப் பாட்டுக்காரங்களுக்கு நம்ம ஊர்ல கிடைக்கிற ரசிகர் கூட்டத்துக்குன்னு ஒரு டெம்ப்ளேட் இருக்கு. மொத்தம் நாலு கட்டம்.

ஒன்னு: "இவரை யாருக்குமே தெரியாதுடா, நான்தான் உனக்குச் சொல்றேன்."
ரெண்டு: வாட்ஸப் ஸ்டேட்டஸ், ரீல்ஸ், கண்ணுல தண்ணி வர்ற எமோஜி.
மூணு: ஊரே கேட்க ஆரம்பிச்சதும், "நான்லாம் அப்பவே கேட்டவன்."
நாலு: அந்த ஆளு ஒரு சினிமாவுல பாடிட்டா, "ச்சே, வித்துட்டான் மச்சி."

இந்த நாலு வரியையும் மறுபடி ஒருக்கா படிங்க. பாட்டைப் பத்தி ஏதாவது இருக்கா? பாடுனவர் எந்த ஊரு, என்ன பாடுறாரு, எதுக்குப் பாடுறாரு? ஒன்னும் இருக்காது. நாலுலயும் இருக்கறது "நான்" மட்டும்தான்.

இந்த வியாதியை எனக்கு நல்லாத் தெரியும். ஏன்னா எங்க ஊரையே வாராவாரம் எவனாவது கண்டுபிடிச்சுட்டு இருக்கான்.

நமக்குப் பூர்வீகம் பென்னாகரம் பக்கம். பொட்டி தட்டுறது பெங்களூர்ல. திங்கக்கிழமை காலையில ஆபீஸ்ல எவனாவது ஒருத்தன் போனை நீட்டி, "ப்ரோ, ஒரு ஹிட்டன் ஜெம் கண்டுபிடிச்சோம், நம்பவே மாட்டீங்க"ம்பான். எட்டிப் பார்த்தா ஒகேனக்கல்! அடப்பாவி, ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்து பாரு, கால் வைக்க இடம் இருந்தா அப்புறம் ஹிட்டன் ஜெம்முன்னு சொல்லு. 1992-ல ரோஜா படத்துலயே ஊர் உலகம் பார்த்த இடம். படப்பிடிப்பு நடத்தி நடத்தி அங்க ஒரு அருவிக்கு 'சினி ஃபால்ஸ்'னே பேரு ஆகிப்போச்சு. கேமரா வர்றதுக்கு முன்னாடி அந்தத் தண்ணி பேரே இல்லாமலா விழுந்துட்டு இருந்துச்சு?

இதுல ஒரு கொடுமை என்னன்னா, காவிரி எங்க மாவட்டத்துக்குள்ள இடிமாதிரி விழுந்துட்டு இருந்த அதே காலத்துல, தர்மபுரி ஜனம் ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணியைக் குடிச்சிட்டு இருந்துச்சு. பல்லு பழுப்பேறி, எலும்பு வளைஞ்சு, முப்பது வயசுல முட்டி வலியோட திரிஞ்ச சனங்க ஊருக்கு ஊரு உண்டு. எங்க பெரியம்மா கல்யாண போட்டோவுல வாயை இறுக்கி மூடிக்கிட்டுதான் நிப்பாங்க. வெக்கம்னு நினைக்காதீங்க, பல்லு. 1,928 கோடி ரூபா ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல அடிக்கல் நாட்டி, அது பெரிய கலாட்டாவாகி, ஏப்ரல் மாசம் சென்னையில நடிகருங்கல்லாம் உண்ணாவிரதம் உட்கார்ந்து, கடைசியில 2013-லதான் திட்டம் திறந்தாங்க. அந்த 2008 ஏப்ரல் பதிவுகளை இப்ப தோண்டி எடுத்துப் படிங்க. ரஜினி என்ன பேசுனாரு, சத்யராஜ் என்ன பேசுனாருன்னு பக்கம் பக்கமா இருக்கும். அந்தத் தண்ணி எதுக்குங்கறதை வலைபோட்டுத்தான் தேடணும்.

அருவியைப் பார்த்து வாயைப் பொளந்தவன் ஒருத்தனும் எங்க வாயைப் பார்க்கல. பாட்டுக்காரங்க விஷயத்துலயும் அச்சு அசல் இதேதான் நடக்குது.

ஒருக்கா ஆபீஸ் நண்பர்கள் ஏழெட்டுப் பேரோட அங்க போனோம். பரிசல்ல ஏறுனதுமே ஒருத்தன் ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்துட்டான். ஓடுனது 'எஞ்சாய் எஞ்சாமி'. பரிசலே ஆட்டம் போடுது. பாறை இடுக்குல துடுப்புப் போட்டுக்கிட்டே அந்தப் பரிசல்கார அண்ணன் கேட்டாரு, "நல்லாருக்கே தம்பி, இது யாரு கட்டுன பாட்டு?"

ஒருத்தன் தீங்கறான், ஒருத்தன் சந்தோஷ் நாராயணன்ங்கறான். அதுல மகா ரசிகன் ஒருத்தன், ரிலீஸான அன்னிக்கே கேட்டவனாம், சொன்னான்: "இது ஃபோக் சாங்ணா. மக்கள் பாட்டு. இதுக்கெல்லாம் எழுதுன ஆளுன்னு தனியா யாரும் இல்ல."

"ஆளில்லாம பாட்டு எப்படித் தம்பி வரும்?"ன்னாரு அண்ணன். யாரும் வாயைத் திறக்கல. அருவிச் சத்தம் மட்டும்தான்.

சரி மேட்டருக்கு வருவோம். அந்த மகா ரசிகனுக்காகவே வரிசையா எழுதறேன்.

'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது 2021 மார்ச் 7. பாடுனவங்க தீ, அறிவு. தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வரிகள் அறிவு. அந்த வீடியோவுல வர்ற பாட்டி வாடகைக்குப் புடிச்ச துணை நடிகை கிடையாது. அறிவோட சொந்தப் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சுட்டு, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவங்கள்ல ஒருத்தர். 1964-ல சிறீமாவோவும் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை வச்சுக்கணும்னு, ஏதோ மூட்டை பங்கு போடற மாதிரி பங்கு போட்டாங்களே, அந்தக் கணக்குல வந்தவங்க. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-ல இன்னொரு ஒப்பந்தம் போட்டுப் பாதிப் பாதியாப் பிரிச்சாங்க. காட்டை அழிச்சுத் தோட்டம் ஆக்குனவங்களுக்கு ரெண்டு பக்கமும் நிலம் இல்ல. அந்தக் கதைதான் பாட்டு. குயில் கூவுற இடத்துல இடுப்பை ஆட்டுனதோட நம்ம கடமை முடிஞ்சுது.

சரி, 2021-லதான் அறிவு பிறந்தாரா? பா.ரஞ்சித்தோட ஆதரவுல உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில சென்னையில மேடை ஏறுச்சு. அதுல அவர் இருந்தாரு. 2019-ல 'தெருக்குரல்' ஆல்பம். குடியுரிமைத் திருத்தச் சட்டப் போராட்ட நேரத்துல 'சண்ட செய்வோம்'. மாஸ்டர் படத்து 'வாத்தி ரெய்டு'ல எழுத்தும் அவரு, கூடப் பாடுனதும் அவரு. இவ்வளவுக்கு அப்புறம் "புதுசா ஒருத்தன் வந்திருக்கான் மச்சி"ன்னா எங்க போய் முட்டிக்கிறது?

அப்புறம் நடந்ததையும் பாருங்க. 2021 ஆகஸ்டுல 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டைப்படம் போட்டுச்சு. தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க. அவங்களைப் பிரபலமாக்கிய ரெண்டு பாட்டுலயும் பங்கு உள்ள அறிவு அட்டையில இல்ல. சத்தம் கிளம்புன பிறகு அவருக்குத் தனியா ஒரு அட்டை போட்டாங்க. 2022 ஜூலை 28, சென்னையில செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகமே பார்க்குற மேடையில அதே பாட்டு. அறிவு இல்ல. அவர் மனசு நொந்து இன்ஸ்டாகிராம்ல எழுதினாரு. சந்தோஷ் நாராயணனும் தீயும் அவங்கவங்க விளக்கத்தைக் கொடுத்தாங்க. 2024 மார்ச்சுல சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவுல, மூணு வருஷமாகியும் பாட்டை வெளியிட்ட 'மாஜா' நிறுவனத்துக்கிட்டேர்ந்து கலைஞர்கள் யாருக்கும் வருமானம் வந்து சேரலைன்னு பொதுவுல சொன்னாரு.

யார் பக்கம் நியாயம்னு தீர்ப்பு சொல்ல நான் நாட்டாமை இல்ல, சொம்பும் கையில இல்ல. நான் கேக்கறது ரசிக சிகாமணிகளைத்தான். இந்தப் பஞ்சாயத்து நடந்தப்ப என்ன பண்ணீங்க? கிரிக்கெட் மாதிரி ரெண்டு டீமாப் பிரிஞ்சு ரெண்டு நாள் சண்டை போட்டீங்க. மூணாவது நாள் வேற பாட்டு. 2024-ல அறிவு 'வள்ளியம்மா பேராண்டி'ன்னு ஒரு முழு ஆல்பம் போட்டாரு. பாட்டியோட பேரையே தலைப்பா வச்சு! 2021-ல அந்தப் பாட்டியைப் பார்த்து உருகுனேன்னு ஸ்டேட்டஸ் போட்ட எங்க மகா ரசிகன்கிட்ட அதைக் கேட்டியான்னேன். "அப்படி ஒன்னு வந்துச்சா?"ன்னான். மூணு வருஷத்துல கண்டுபிடிச்ச கண்டத்தையே தொலைச்சுட்டான் கொலம்பஸ்.

இது அறிவுக்கு மட்டும் நடந்த கதைன்னு நினைச்சுடாதீங்க. கொல்லங்குடி கருப்பாயி அம்மா. சிவகங்கைச் சீமையில வயக்காட்டுலயும் கோயில் விழாவுலயும் வானொலியிலும் பாடிட்டு இருந்தவங்க. நின்ன இடத்துல பாட்டு கட்டுற ஆளு. 1985-ல பாண்டியராஜன் 'ஆண் பாவம்' எடுத்தப்ப ஊரே அவங்களைக் "கண்டுபிடிச்சுச்சு". 2025 ஜூன்ல 99 வயசுல போய்ச் சேர்ந்தாங்க. அன்னிக்கு வந்த அஞ்சலி அத்தனையிலும் அந்த ஒரே படம். பறவை முனியம்மா அம்மாவும் அப்படித்தான். 2003-ல 'தூள்' வர்றதுக்கு முன்னாடியே மேடை மேடையாப் பாடித் தொண்டை காய்ஞ்சவங்க. நமக்கு அவங்க "தூள் பாட்டி". 2015-ல முடியாமப் படுத்துக் கஷ்டப்படறாங்கன்னு செய்தி வந்த பிறகுதான் அரசு உதவித்தொகை அறிவிச்சுது. அதுவரைக்கும் அந்தப் பாட்டை ரிங்டோனா வச்சிருந்த லட்சக்கணக்கான பேர் எங்க இருந்தோம்? 2020 மார்ச்சுல அவங்களும் போயிட்டாங்க.

எல்லை தாண்டி அட்டப்பாடிக்குப் போனாலும் இதே கதைதான். இருளர் சமூகத்து நஞ்சியம்மா தன் மொழியில தானே எழுதிப் பாடுன பாட்டு, 2020-ல 'அய்யப்பனும் கோஷியும்' படத்துல வந்துச்சு. "ஐயோ என்ன வெள்ளந்தியான குரல்"னு கேரளாவே கொண்டாடுச்சு. 2022-ல அதுக்கு தேசிய விருது கொடுத்ததும், முறையா சங்கீதம் படிக்காதவங்களுக்கு விருதான்னு ஒரு கோஷ்டி கிளம்புச்சு. வெள்ளந்தியாப் பாடற வரைக்கும் கொண்டாட்டம். நமக்குச் சமமா நாற்காலியில வந்து உட்கார்ந்தா ஆராய்ச்சி!

"ஃபோக்"ங்கற வார்த்தையோட நுண்ணரசியல் இங்கதான் இருக்கு. ஒரு பாட்டுக்கு 'மக்கள் பாட்டு'ன்னு முத்திரை குத்திட்டா, கட்டுன ஆளைத் தேட வேண்டாம், காசு கொடுக்க வேண்டாம், பேரு போட வேண்டாம். நாற்று நடறப்ப பாடுன பழைய பாட்டுக்கு ஆள் தெரியாம இருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்கு உயிரோட இருக்குற ஒரு ஆளு, தன் பாட்டி கதையை எழுதிப் பாடுனா அதுக்கும் ஆள் இல்லையா? சினிமாப் பாட்டுன்னா மட்டும் எழுதுனது வைரமுத்துவா வாலியான்னு டீக்கடையில சட்டையைப் புடிச்சுக்கிறோம்ல?

"அடேய், நாங்க ஷேர் பண்ணலேன்னா அவங்களை யாருக்குத் தெரியும்?"னு ஒரு கேள்வி வரும்னு தெரியும். நியாயமான கேள்வி. ஒருத்தர் காதுலேர்ந்து இன்னொருத்தர் காதுக்குப் போறதுதான் பாட்டோட வழியே. அந்த உற்சாகம் இல்லேன்னா நானே பாதிப் பேரைக் கேட்டிருக்க மாட்டேன். ஷேர் பண்ணுங்க சாமி, தாராளமா பண்ணுங்க. ஆனா அந்த உற்சாகம் பாடுறவங்க வீட்டு அடுப்பு வரைக்கும் போகுதான்னு பாக்கணும்ல?

'எஞ்சாய் எஞ்சாமி'க்கு ஊரே ஆடிட்டு இருந்த அதே 2021 ஏப்ரல்ல, கொரோனா ரெண்டாவது அலைக்காக தமிழ்நாட்டுல ஏப்ரல் 10-லேர்ந்து கோயில் திருவிழாவுக்குத் தடை வந்துச்சு. தடை தப்புன்னு நான் சொல்லல. ஆனா பறை அடிக்கறவங்க, கரகம் ஆடறவங்க, நாட்டுப்புறப் பாட்டு பாடறவங்க, இவங்க வருஷச் சோறு அந்தப் பங்குனி, சித்திரை, வைகாசியிலதான். தொடர்ந்து ரெண்டாவது வருஷம் அது போச்சு. நாட்டுப்புற இசை போன்ல கொடி கட்டிப் பறந்த அதே மாசம் நாட்டுப்புறக் கலைஞர் வீட்டுல ரேஷன் அரிசி. ஆத்துல தண்ணி அதிகமா வந்தா ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டத் தடை போடுவாங்க. நமக்கு அன்னிக்கு ட்ரிப் கேன்சல், அண்ணனுக்கு அன்னிக்குக் கூலி கேன்சல். ரெண்டும் ஒரே கேன்சல் இல்லீங்க.

"நான்தான் ஸ்ட்ரீமிங்குக்கு மாசாமாசம் காசு கட்டுறேனே?" வாங்க, நம்ம தொழில் சம்பந்தப்பட்ட கணக்கு. நீங்க கட்டுற காசு நேரா நீங்க கேட்ட பாட்டுக்காரருக்குப் போறதில்ல. எல்லார் காசும் ஒரே அண்டாவுல விழும். கம்பெனி பங்கு போக மிச்சத்தை, மொத்தமா ஓடுன பாட்டுல யாருக்கு எத்தனை பங்கோ அந்த விகிதத்துல பிரிப்பாங்க. நீங்க மாசம் பூரா ஒரே ஒரு நாட்டுப்புறப் பாடகரை மட்டும் கேட்டாலும், உங்க காசுல பெரும்பகுதி நீங்க கேட்கவே கேட்காத பெரிய ஸ்டாருக்குத்தான் போகும். இது பத்தாதுன்னு 2024-லேர்ந்து ஸ்பாட்டிஃபையில ஒரு விதி: முந்தின 12 மாசத்துல ஒரு பாட்டு 1,000 தடவையாவது ஓடியிருக்கணும். 999 தடவை ஓடுனா பைசா கிடையாது.

சட்டம் கொஞ்சம் நம்ம பக்கம்தான். 2012-ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதுனவரும் இசையமைச்சவரும் ராயல்டி உரிமையை, சட்டப்படியான வாரிசுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர, வேற யாருக்கும் எழுதிக் கொடுத்துட முடியாதபடி பண்ணாங்க. ஆனா எழுதுனவர் பேரு பதிவாகி இருந்தாத்தானே ராயல்டி தேடி வரும்? "இதுக்கெல்லாம் ஆளு கிடையாதுணா"ன்னு அசால்ட்டாச் சொல்றப்ப நாம எதுல கை வைக்கிறோம்னு புரியுதா?

கடைசியா எங்க ஊர்க்காரர் ஒருத்தரைக் கூப்பிடறேன். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர்தான் இன்னிக்கு தர்மபுரி. அவர்னாலே எல்லாருக்கும் நெல்லிக்கனிதான் ஞாபகம் வரும். ஆனா புறநானூறு 101-வது பாட்டுல ஔவை அவரைப் பாராட்டற காரணமே வேற. ஒரு நாள் போனாலும் சரி, ஒரு கூட்டத்தையே கூட்டிக்கிட்டுத் திரும்பத் திரும்பப் போய் நின்னாலும் சரி, முதல் நாள் இருந்த பிரியம் குறையாம இருக்கற மனுஷனாம். கவனிங்க, ஔவையை நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்னு அவர் பீத்திக்கிட்டதா எங்கயும் இல்ல. பல நாள் கழிச்சும் அதே முகத்தோட இருந்தாருங்கறதுதான் பாட்டு.

அதே அதியமான்கிட்ட பெருஞ்சித்திரனார் போனப்ப, ஆளைப் பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்பிட்டாரு. 208-வது பாட்டுல புலவர் பொரிஞ்சு தள்றாரு: என்னைப் பார்க்காம, என் திறமை என்னன்னு தெரிஞ்சுக்காம கொடுக்கறதை வாங்கிட்டுப் போக நான் என்ன வியாபாரியா? ஆக, பரிசிலும் வேணும், பார்க்கவும் வேணும். வெறும் காசும் செல்லாது, வெறும் கைதட்டலும் செல்லாது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எங்க ஊர் வாசல்ல தீர்ந்துபோன பஞ்சாயத்து இது.

அதனால நம்ம பதிவுலக மக்களுக்கு அஞ்சு கோரிக்கை. ஒரு பாட்டைப் பத்தி எழுதினா, எழுதுனது யாரு, இசை யாரு, பாடுனது யாருன்னு மூணு பேரையும் போடுங்க. அந்த ஆளோட ரெண்டாவது பாட்டையும் பத்தாவது பாட்டையும் தேடிக் கேளுங்க. பேண்ட்கேம்ப் மாதிரி இடத்துல வித்தா காசு கொடுத்து வாங்குங்க. டிஜிட்டல் ஆல்பத்துக்கு அவங்க எடுத்துக்கற கமிஷன் 15 சதவீதம்தான், கார்டுச் செலவு போக மிச்சம் பாடகருக்கு. உங்க வீட்டுக் கல்யாணம், காது குத்து, ஆபீஸ் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டா டிஜேவுக்குக் கொடுக்கற சம்பளத்தை அவங்களுக்கும் கொடுங்க, பஸ் செலவும் சாப்பாடும் மட்டும் கொடுத்து "உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர்ங்க"ன்னு சொல்லிடாதீங்க. நாளைக்கு அவரு சினிமாவுல பாடி நாலு காசு பார்த்தா வயிறு எரியாதீங்க. அவரு வீட்டுக்கும் இஎம்ஐ உண்டு.

இதெல்லாம் முடியாதுன்னா பரவால்ல. பாட்டைக் கேளுங்க, சந்தோஷமா ஆடுங்க. ஆனா தயவுசெஞ்சு "நான்தான் கண்டுபிடிச்சேன்"னு மட்டும் சொல்லிட்டுத் திரியாதீங்க.

டிஸ்கி 1: இதைப் படிச்சுட்டு எங்க ஆபீஸ்லேர்ந்து யாராவது கோச்சுக்கிட்டா, இது முழுக்க முழுக்கக் கற்பனை. ஹிஹி.

டிஸ்கி 2: உங்க ஊர்ல, பாட்டு கட்டிப் பாடற ஆளு யாராவது இப்பவும் இருந்தா பேரோட, ஊரோட எழுதுங்க. அவங்க சம்மதத்தோட. கும்மி அடிக்கறவங்க ஓரமா நின்னு அடிக்கலாம், பரிசல் கவுந்துடாமப் பாத்துக்குங்க :-)